பையில் மாட்டு மணி வைத்திருந்தவர்

காளவாசல் ரோட்டோரத்தில் ஒரு கைப்பம்பு, ஒரு தண்ணீர்ச் சட்டி, டியூபைத் தேய்க்க ஒரு அரம், உட்கார ஒரு சாக்கு. என் தொழில் தொடங்கியது இவ்வளவில்தான். இன்றைக்கு அந்த இடத்துக்கு நேர் எதிரே இரண்டு ஷட்டர் வைத்த கடை என்னுடையது. வாடகைக்கு நாற்பது சைக்கிள் நிற்கிறது. விற்பனைக்கு கியர் வைத்ததும் உண்டு, வைக்காததும் உண்டு. நடுவில் ஐந்து வருஷம் கப்பலூரில் ஒரு கொட்டகை பிடித்து, சைக்கிள் கேரியர் செய்து ஊர் ஊராகக் கடைகளுக்குப் போட்டேன். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் புத்தகப்பை பாதிக்கு மேல் என் கேரியரில் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போனது. என் அப்பாவும் ஆத்தாளும் கூலிக்கு நாற்று நட்ட வயலில் ஒன்றரை ஏக்கரை என் பேரில் எழுதி வாங்கினேன். வயலை ஒட்டி மாடி வீடு கட்டினேன். வாசலில் டிராக்டர் நிற்கிறது. மகளை மிஷன் பள்ளியில் படிக்க வைத்தேன். இப்போது அதே பள்ளியில் அவள் டீச்சர். நான் படித்தது மூன்றாவது வரைக்கும். அதிலும் பாதி நாள் மாட்டுக்குப் பின்னால்தான் நின்றேன்.

பெருமை அடித்துக்கொள்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இதை நானே எழுதினேன். எழுத்துப்பிழையை மகள் செல்வி திருத்தினாள். விஷயத்தில் கைவைக்க நான் விடவில்லை.

இம்புட்டும் கண்ணுக்கு முன்னால் நிற்கும்போதே, இதில் ஒன்றுகூட இல்லாத மாதிரி ஊரை மாற்றிக் காட்டத் தெரிந்த ஒரு மனிதர் இருந்தார். அவரை நினைத்தால் இன்றைக்கும் வாயில் இருக்கும் வெற்றிலை கசந்துபோகிறது.

நாங்கள் அவரை சார் என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். மதுரைக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களைச் சனிக்கிழமை காலையில் சைக்கிளில் கூட்டிப்போய்க் கிராமம் காட்டுவது அவர் தொழில். விடியும்போது என் கடையில் சைக்கிள் எடுத்தால், பைபாஸைத் தாண்டி, கண்மாய்க் கரை மேல் ஏறி, எங்கள் ஊருக்குள் புகுந்து, நாகமலை அடிவாரம். அங்கே பாறை இடுக்கில் ஒரு சுனை இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, முகம் கழுவிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். அரைநாள் சவாரி. இது நடந்து ஏழெட்டு வருஷம் இருக்கும்.

ஐம்பதை ஒட்டிய வயது. அரைக்கால் டவுசர், கழுத்தில் விசில், முகத்தில் வெயிலுக்குப் பூசுகிற வெள்ளைக் களிம்பு. அந்தக் களிம்பு சரியாகத் தேயாமல் காதோரத்தில் எப்போதும் ஒரு திட்டு நிற்கும். யாரைப் பார்த்தாலும் இரண்டு கையாலும் கையைப் பிடித்துக்கொள்வார். ஈரக் கை. விட்ட பிறகு வேட்டியில் துடைத்துக்கொள்ளத் தோன்றும். இருபது வயதுப் பையனையும் அண்ணே என்பார், எழுபது வயதுக்காரரையும் அண்ணே என்பார். அந்த அண்ணேயில் மரியாதையும் இல்லை, உறவும் இல்லை. சும்மா ஒரு எண்ணெய்.

அவர் வாயில் ஒரு வார்த்தை ஓயாது. "நேச்சுரலா இருக்கட்டும்ணே."

முதல் நாள் கடைக்கு வந்து பத்து சைக்கிள் கேட்டார். புதிதாக வந்த கியர் சைக்கிள்களைக் காட்டினேன். கையை ஆட்டினார்.

"பழசு குடுங்கண்ணே. கம்பி பிரேக்கு வச்சது, நம்ம பால்காரர் வண்டி மாதிரி."

பழசிலும் நல்லதாகப் பத்து எடுத்து வைத்தேன். ரிம்மெல்லாம் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருப்பேன். முகம் பார்க்கலாம். அவர் குனிந்து ஒரு ரிம்மைத் தடவிப் பார்த்தார்.

"எதுக்குண்ணே இம்புட்டு தொடச்சிருக்கீங்க? துரு இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நேச்சுரலா இருக்கும்."

சைக்கிள் கடைக்காரனிடம் வந்து துரு கேட்ட மனுசனை அன்றைக்குத்தான் பார்த்தேன். அன்றைக்கே அவரை அனுப்பியிருக்க வேண்டும். எனக்கும் ஆசை. வெள்ளைக்காரன் என் வண்டியில் ஏறிப் போகிறான் என்றால் காளவாசலே பார்க்குமே.

எங்கள் ஊர்ப் பக்கம் கருவேல முள் அதிகம். கண்மாய்க் கரையில் போனால் டயருக்கு மூன்று முள்ளாவது நிச்சயம். டயருக்கும் டியூபுக்கும் நடுவில் பழைய டியூபைக் கிழித்து வளையமாக வைத்துக் கொடுத்தேன். பாதி முள் அதிலேயே நின்றுவிடும். அப்படியும் தைத்தால் ஒட்டுவதற்கு ஒரு ஆள் கடைசியில் வரவேண்டும். அந்த ஆளாக நானே போனேன். அதனால் அவர் செய்ததையெல்லாம் பின்னால் இருந்து பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

அவர் சைக்கிளின் முன்னால் ஒரு துணிப்பை தொங்கும். அதற்குள் ஒரு மண் குவளை, ஒரு முழத்துக்குத் தேங்காய்நார்க் கயிறு, ஒரு பனையோலை விசிறி, ஒரு மாட்டு மணி. ஏதோ சாமி காரியத்துக்கு என்று நினைத்தேன். கண்மாய்க் கரையில் ஒரு கிழவர் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். விருந்தாளிகள் வளைவைத் தாண்டி வருவதற்குள் சார் இறங்கி ஓடினார். மாட்டின் கழுத்திலிருந்த நைலான் கயிற்றை அவிழ்த்து நார்க் கயிற்றைக் கட்டினார், மணியைத் தொங்கவிட்டார். கிழவரின் சட்டையைக் கழற்றச் சொன்னார். படம் எடுத்து முடித்ததும் மணியையும் கயிற்றையும் அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த மாட்டைத் தேடிக் கிளம்பிவிட்டார். கிழவர் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"என்னப்பா இது, மாட்டாஸ்பத்திரி ஆளா?"

சிரித்தேன். அப்போது சிரிப்புத்தான் வந்தது.

என் வீட்டில் காலைப் பலகாரம் கொடுக்கலாம் என்று ஏற்பாடு. முதல் சனிக்கிழமை ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். வாசலில் நின்று வீட்டை மேலும் கீழும் பார்த்தார். மாடி, கிரானைட் பதித்த தூண், தண்ணீர்த் தொட்டி, எல்லாவற்றையும் பார்த்தார். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"அண்ணே, பின்னாடி மாட்டுக் கொட்டாய் இருக்குல்ல? அங்க உக்காரவச்சிருவோமா?"

என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம் நைட்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். அவர் அவளிடம் கை குவித்தார்.

"அக்கா, கண்டாங்கி இருந்தா கட்டிக்கங்க. கேஸ் அடுப்பு வேணாம்க்கா. வெளிய மூணு கல்லு வச்சு, வெறகு வச்சு..."

"வெறகு ஊதி ஊதி ஒரு கண்ணு பாதி போச்சு சாரே. மிச்சக் கண்ணு உங்களுக்கு வேணுமாக்கும்?"

"நேச்சுரலா இருக்கும்க்கா."

"அப்ப நீங்க ஊதுங்க. நேச்சுரலா இருமல் வரும்."

கடைசியில் இட்லி உள்ளே கேஸில் வெந்தது. வெளியே மூன்று கல்லில் வெறும் பானையில் தண்ணீர் கொதித்தது. பஞ்சவர்ணம் உள்ளிருந்து இட்லியைக் கொண்டுவந்து அந்தப் பானையிலிருந்து எடுக்கிற மாதிரி எடுத்தாள். வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். என் டிராக்டரை வைக்கோலால் மூடியது யார் தெரியுமா? நான்தான். சார் சொல்லவில்லை. சொல்வதற்கு முன்பே நானே தார்ப்பாயைப் போட்டு மேலே வைக்கோலைப் பரத்திவிட்டேன். அவ்வளவு சீக்கிரம் பழகிப்போனேன். அந்த வைக்கோலை நினைத்தால் அவர் மேல் வருகிற அருவருப்பில் ஒரு பங்கு என் மேலும் வருகிறது.

ஒரு நாள் அந்த மணியை எங்கள் ஜெர்சி மாட்டுக்குக் கட்டினார். பிறந்ததிலிருந்து மணிச் சத்தமே கேட்காத மாடு. தன் கழுத்தே தன்னைத் துரத்துகிறது என்று நினைத்து வரப்பெல்லாம் ஓடி, இரண்டு சைக்கிளை வாய்க்காலில் தள்ளிவிட்டு, அடுத்தவன் வாழைக்குள் போய் நின்றது. பஞ்சவர்ணம் இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்:

"ஏஞ் சாரே, அது என்ன பள்ளிக்கூடமா, மணியடிச்சா வீட்டுக்கு ஓட?"

அவரும் சிரித்தார். அந்த ஆளுக்குக் கோபமே வராது. ஒரு நல்லதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பொய்யன் ஆவேன். கூட்டத்தில் யார் மெதுவாக மிதிக்கிறாரோ அவரோடுதான் சார் மிதிப்பார். தன் தண்ணீரைக் கொடுப்பார். கூவுகிற சத்தத்தை வைத்தே பறவையின் பேரைச் சொல்வார். வெயிலில் மயங்கிய ஒரு பெண்ணைத் தன் முதுகில் சுமந்து கரை இறக்கினார். இம்புட்டு நல்ல மனுசனுக்கு, எதிரில் நிற்பவன் எப்படி இருக்கிறானோ அப்படியே பார்க்க ஏன் பிடிக்கவில்லை என்று யோசித்திருக்கிறேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு சவாரி முடிந்து கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். சார் கேட்டார்:

"உங்க ஊர்ல பழைய வழக்கம் எதுவும் இருக்காண்ணே? இப்ப யாரும் செய்யாதது?"

செய்யாததுதானே, சொன்னேன். எங்கள் ஊரின் நடுவில் மந்தைத் தெரு இருக்கிறது. எங்கள் குடியிருப்பு தெருவுக்கு அந்தக் கோடியில். நாங்கள் டவுனுக்கு வர அந்தத் தெருவைத் தாண்டித்தான் வரவேண்டும். என் சின்ன வயதில் எங்கள் ஆட்கள் யாரும் அந்தத் தெருவில் சைக்கிளில் உட்கார்ந்து போகக்கூடாது. தெருமுனையில் இறங்கி, செருப்பைக் கழற்றிக் கேரியரில் வைத்து, அந்த முனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், பிறகு ஏறவேண்டும். நிலம் அந்தத் தெருக்காரர்களுடையது, கூலி அவர்கள் கொடுப்பது. என் அப்பா வாழ்நாள் முழுக்கத் தள்ளினார்.

எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு பழைய வண்டியைத் தட்டி ஒட்டி ஓடவைத்து டவுனுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் தெருமுனை வந்தது, நான் இறங்கவில்லை. பெரிய வீரம் என்று இல்லை. தினமும் இறங்கி இறங்கி அலுத்துவிட்டது. தெருவில் பாதி தாண்டும்போது யாரோ சக்கரத்துக்குள் கம்பைச் செருகினார்கள். கீழே விழுந்ததில் தோள்பட்டை எலும்பு விலகியது. முன்சக்கரம் எட்டாக வளைந்தது. அன்று ராத்திரி ஒற்றைக் கையால் நானே பெண்டு எடுத்தேன். மறுநாள் அதே வண்டியில் அதே தெருவில் ஏறிப்போனேன். அன்றைக்கும் அடி. மூன்றாம் நாள் ஏசினார்கள். நான்காம் நாள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு மாதத்தில் எங்கள் குடியிருப்பில் சைக்கிள் வைத்திருந்த ஐந்து பேரும் ஏறிப்போனார்கள். எலும்பு இன்றைக்கும் மழைக்காலத்தில் வலிக்கும். அந்தத் தெருப் பையன்கள் இப்போது என் கடையில்தான் வண்டி வாங்குகிறார்கள், அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது தீர்ந்த விஷயம்.

சார் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"இத ஏண்ணே இத்தன நாளா சொல்லல? தங்கம்ணே இது."

"அப்ப உங்க ஆளுககிட்ட சொல்லுவீங்களா?"

"சொல்லாம? ஒவ்வொரு வாரமும் அந்தத் தெருவுல நின்னு சொல்றேன்."

எனக்கு அவரிடம் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். வீட்டை மறைத்தால் மறைத்துக்கொள்ளட்டும், டிராக்டரை மறைத்தால் மறைத்துக்கொள்ளட்டும். இந்த ஒன்றை, கடல் தாண்டிப் போகிற ஆட்களிடம், என் பேரோடு சொன்னால் போதும். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை மந்தைத் தெருமுனையில் விசில் அடித்தார். எல்லாரும் இறங்கினார்கள். கடைசியில் வந்த என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"அண்ணே, எல்லாரும் போட்டோ எடுக்குறாக. நீங்களும் எறங்கித் தள்ளிக்கிட்டு வாங்க, ஒரு நிமிசம்."

இறங்கினேன். கூட்டத்தோடு கூட்டமாகத் தள்ளினேன். தெரு நடுவில் நின்று அவர் என்னைக் கை காட்டி நீளமாக இங்கிலீஷில் பேசினார். வெள்ளைக்காரர்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சிலர் கை குவித்தார்கள். சொல்கிறார், என் கதையைச் சொல்கிறார் என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். வாரா வாரம் நின்றேன். வெள்ளை வேட்டியாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். அந்தத் தெருவில் மீசை நரைத்த ஒரு பெரியவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். இரண்டாவது வாரத்திலேயே அந்த நாற்காலி போய் மரப் பெஞ்சு வந்துவிட்டது. சாரின் வேலை.

நான்கு மாதம் இப்படிப் போனது.

ஒரு சனிக்கிழமை செல்விக்குப் பள்ளிக்கூடம் லீவு. "நானும் வாரேன்ப்பா, சுனையைப் பாத்து எம்புட்டு நாளாச்சு" என்று ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். அன்றைக்கு எட்டு விருந்தாளிகள். வழக்கம்போல விசில், வழக்கம்போல இறங்கினோம். செல்வி என் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்தாள். சார் பேசினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து நின்று மகளைப் பார்த்தேன், அவள் முகத்தில் சந்தோஷத்தைப் பார்க்கலாம் என்று. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுனைக்கு வந்து சேர்ந்தோம். எல்லாரும் பாறையில் ஏறித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே சமவெளி விரிந்து கிடந்தது, தூரத்தில் திருப்பரங்குன்றம் புகைமூட்டத்தில் தெரிந்தது. நான் மகளிடம் கேட்டேன்:

"என்னத்தா, சார் அப்பாவப் பத்திச் சொன்னாருல்ல? எப்பிடிச் சொன்னாரு?"

"வேணாம்ப்பா. வீட்ல போயிச் சொல்றேன்."

"இங்க சொல்லு."

சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையாக, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்கிற மாதிரி, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"இந்தத் தெரு பழமையான தெரு. இங்க ஏறிப் போறது மரியாதை இல்லன்னு இந்த ஊர் ஜனங்க தலைமுறை தலைமுறையா இறங்கித்தான் போவாங்க. யாரும் கட்டாயப்படுத்துறது இல்ல, அவுங்களாவே செய்யுறாங்க. இந்தா நிக்கிறாரே, இவரு டவுன்ல சொந்தமா சைக்கிள் கடை வச்சிருக்காரு. அம்புட்டு வசதி வந்தும் இந்தத் தெருவுல இவரு ஏற மாட்டாரு. பாருங்க, இன்னைக்கும் தள்ளிக்கிட்டுத்தான் வாராரு. இதான்ப்பா சொன்னாரு."

எனக்கு முதலில் கோபம் வரவில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பதினாறு, பதினேழு சனிக்கிழமை. எலும்பு விலகி, மறுநாளும் இறங்காமல் போன நான், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பதினேழு தடவை இறங்கியிருக்கிறேன். என்னை யாரும் கம்பை வைத்துத் தள்ளவில்லை. ஒரு விசில் போதுமாக இருந்திருக்கிறது.

சாரைக் கூப்பிட்டேன்.

"சார், எங்கிட்ட என்னா சொன்னீக? இவுககிட்ட என்னா சொன்னீக?"

அவர் செல்வியைப் பார்த்தார், புரிந்துகொண்டார். என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். ஈரக் கை.

"அண்ணே, அடிச்சாங்க, எலும்பு ஒடிஞ்சுச்சுன்னு சொன்னா இவுகளுக்கு மூடு கெட்டுரும்ணே. லீவுக்கு வந்தவுக. நல்லதா நாலு வார்த்த..."

"இப்பச் சொல்லுங்க. இங்கயே. எம் பேரச் சொல்லிச் சொல்லுங்க."

"நான் சொல்லட்டுமாப்பா?" என்றாள் செல்வி.

"நீ சொல்லக்கூடாது. மாத்திச் சொன்ன வாயிதான் சொல்லணும்."

சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு விருந்தாளிகளைப் பார்த்துத் திரும்பினார். சிரித்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசினார். எட்டுப் பேரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். ஒரு நொடி நானும் நம்பிவிட்டேன். செல்வியைப் பார்த்தேன்.

"எங்க ஊருக்கு வந்ததுக்கு நீங்க நன்றி சொல்றீகளாம்."

அதற்கு மேல் அவளை நான் தடுக்கவில்லை. அவளே முன்னால் போய் நின்று சொன்னாள். கம்பு செருகியதைக் கையால் காட்டினாள். என் தோளைக் காட்டினாள். கைதட்டல் இல்லை, யாரும் படம் எடுக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் தலை வெளுத்த ஒரு அம்மா இருந்தார். அவர் என்னை நேராகப் பார்த்து ஏதோ கேட்டார். செல்வி தயங்கினாள்.

"கேட்டதச் சொல்லுத்தா."

"அப்படின்னா இன்னைக்குக் காலையில எதுக்கு எறங்குனீகன்னு கேக்குறாங்கப்பா."

அந்தக் கேள்வியில் தப்பில்லை. அதை நான்தான் முதல் வாரத்திலேயே கேட்டிருக்க வேண்டும்.

"போட்டோ எடுக்கணும்னு சொன்னாரு, எறங்குனேன்னு சொல்லு" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று என் காதுக்குத் தெரிந்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. திரும்பி சாரைப் பார்த்தார். சார் சுனைத் தண்ணீரில் காதோரக் களிம்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது நான் கடைசியில் வரவில்லை. முன்னால் வந்தேன். மந்தைத் தெருமுனை வந்தது. பின்னால் விசில் கேட்டது. இன்னொரு தடவை கேட்டது. நான் பெல்லை அடித்துக்கொண்டு மிதித்தேன். பெஞ்சிலிருந்த பெரியவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"என்ன அழகுமல, இன்னைக்கு எறங்கலயா? நாலு மாசமா எறங்கிக்கிட்டுத்தான இருந்த?"

ஏளனமாகக் கேட்கவில்லை அவர். சாதாரணமாக, பஸ் வந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரி கேட்டார். எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"தெரியாம எறங்கிட்டேண்ணே. தெரிஞ்ச பெறகு எப்பிடி எறங்குறது?" என்று சொல்லிவிட்டு மிதித்தேன்.

திரும்பிப் பார்த்தேன். செல்வி ஏறி வந்துகொண்டிருந்தாள். அந்த வெள்ளைத்தலை அம்மாவும் ஏறி வந்தார், இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். மற்ற ஐந்து பேர் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு முன்னால், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து, சார் தள்ளிக்கொண்டு வந்தார். அவரை யாரும் இறங்கச் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

"நாளைக்குப் பன்னெண்டு வண்டிண்ணே."

"வண்டி இல்ல."

"நாப்பது நிக்கிதேண்ணே."

"நிக்கட்டும்."

"எதுக்குண்ணே கோவம்? உங்களத்தான ஹீரோவாக்கி வச்சிருந்தேன்."

"எதுல?"

"பணிவுலண்ணே."

நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். கையில் வைத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. அவர் வேறு கடையில் வண்டி எடுத்து இரண்டு வருஷம் அதே தெருவில் சவாரி நடத்தினார். பிறகு கடற்கரைப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கே மீன்பிடிக்கிறவர்களை எதைக் கழற்றச் சொல்கிறாரோ.

ஆள் போய்விட்டார், விட்டுப்போனது போகவில்லை. இப்போது டவுனிலிருந்து நம்ம பையன்களே ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் கூட்டமாக சைக்கிளில் சுனைக்குப் போகிறார்கள். தலைக்குக் கவசம், கைக்கு உறை, விலை கூடிய வண்டி. போன மாதம் நான் டவுனுக்கு வந்துகொண்டிருந்தேன், மந்தைத் தெருவில் மிதித்துக்கொண்டு. எதிரே பத்துப் பேர் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதில் ஒரு பையன், மரியாதையான பையன்தான், என்னை நிறுத்திச் சொன்னான்:

"தாத்தா, இந்தத் தெருவுல எறங்கித்தான் போகணும். இது இந்த ஊரு மரபு. போன்லயே போட்டிருக்கு, பாருங்க."

எனக்கு. என் ஊரில். அந்தத் தெருவில்.

அவன் சட்டையைப் பிடிக்கவில்லை. அவனுக்கு உண்மையை யார் சொன்னது? சார் வந்து கேட்டபோது அவரிடம் சொன்னேன், அவர் பாதியைத் தின்றுவிட்டு மீதியைப் பரிமாறினார். அதனால் இனி யார் வாயையும் நம்பாமல் நானே எழுதி வைக்கிறேன்.

சுனைக்கு சைக்கிளில் போகிறவர்களே, கூட்டிப்போகிறவர்களே, போனில் எழுதுகிறவர்களே, எழுதியிருப்பதை அழியுங்கள். மந்தைத் தெருமுனையில் யாரும் இறங்கவேண்டாம். ஏறிய வண்டியில் உட்கார்ந்தபடியே, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, கூட வருகிறவர்களிடம் இப்படிச் சொல்லுங்கள்: இந்தத் தெருவில் அந்தக் கோடிக் குடியிருப்பு ஆட்களை இறங்கவைத்தார்கள், முதலில் இறங்காமல் போனவன் அழகுமலை, காளவாசலில் சைக்கிள் கடை வைத்திருப்பவன், அதற்காக அவன் தோள் எலும்பு விலகியது, மறுநாளும் அவன் இறங்கவில்லை. நான்கு மாதம் ஏமாந்து இறங்கினான் என்பதையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள், பொய் இல்லை. என் பேரை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதைச் சொல்லிவிட்டு மிதியுங்கள்.